மூன்றாம் கம்பம்

ஆர்லின் திபோ பள்ளிப் பேருந்து ஓட்டத் தொடங்கி முப்பத்தொரு வருடம் ஆகிறது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில வடகோடியில், அந்தப் பள்ளி வட்டாரத்திலேயே உயரமான மேட்டில் அவள் வீடு. மேட்டுச் சாலையைப் போல மோசமான சாலை சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அதில் பேருந்து இறங்கிவிட்டால் வேறெங்கும் ஓடிவிடும். ஆகவே பனி கொட்டிய நாளில் விடியுமுன் பள்ளி வட்டாரக் கண்காணிப்பாளர் மெரிடித் முதலில் கூப்பிடுவது ஆர்லினைத்தான். கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை கம்பம்?"

கணக்கு ஆர்லினுடையது. பனி அள்ளும் வண்டிக்குச் சாலை விளிம்பு தெரிவதற்காக நட்டிருக்கும் கம்பங்களையொட்டித் தன் சொந்த வண்டியை மட்டான வேகத்தில் விட்டு, பிரேக்கை அழுத்துவாள். ஒரு கம்பத் தூரம் வழுக்கினால் பள்ளி வழக்கம்போல. இரண்டு என்றால் இரண்டு மணி நேரத் தாமதம். மூன்றைத் தொட்டால் விடுமுறை, பேச்சே இல்லை. மாநிலத் தலைநகரத்து வானிலைக்காரர்கள் படம் போட்டுக் காட்டுவதையெல்லாம் மெரிடித் பார்ப்பாள், ஆனால் முடிவு கம்பத்தில்தான்.

பிள்ளைகளுக்கோ விடுமுறை வேண்டும். அதற்காக இரவு உடுப்பை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். அப்படிச் செய்தால் பனி கொட்டுமாம். "யாரெல்லாம் நேத்து திருப்பிப் போட்டுத் தூங்குனீங்க? உண்மையச் சொல்லுங்க, இல்லாட்டி பஸ் நகராது" என்று ஆர்லின் மிரட்டுவாள். பதினான்கு கைகள் உயரும். அவள் திட்டுவாள், அவர்கள் கத்துவார்கள், பேருந்து கிளம்பும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆர்லின் தன் இரவு உடுப்பின் தையல் உள்ளே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். அறுபத்து மூன்று வயதுக்காரி செய்கிற காரியமா இது? ஆனால் செய்தாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்புவரை வீட்டில் தங்கை கொலெட் இருந்தாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே நாற்பது வருடம் ஓட்டிவிட்டார்கள். "இன்னொரு தடவை வாசல்ல பனி அள்ளுனேன்னா நான் மனுஷியில்ல" என்று சொல்லிவிட்டுக் கொலெட் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். "அக்கா, இங்க நான் செருப்போட நடக்குறேன். நீ அங்க கரடிகூடப் பேசிட்டு இரு" என்பாள். ஆர்லின் சிரிப்பாள். போனை வைத்ததும் சமையலறை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள்.

அந்தப் பிப்ரவரியில் வியாழனும் வெள்ளியும் பனியால் போயின. பிறகு சனி, ஞாயிறு. திங்களன்று கடுங்குளிரில் பேருந்துகளின் டீசலே உறைந்துபோய் மறுபடி விடுமுறை. ஐந்து நாளாக ஆர்லின் ஒரு முகத்தையும் கிட்டத்தில் பார்க்கவில்லை. பனி அள்ளும் ரஸ் மட்டும் வண்டிக்குள்ளிருந்து கை காட்டிவிட்டுப் போனான். ஞாயிறு கொலெட்டும் கூப்பிடவில்லை. பீன்ஸ் சூப்பைச் சுடவைத்து, நின்றபடியே குடித்து, ரேடியோக்காரன் கேட்ட புதிருக்குச் சத்தமாகப் பதில் சொன்னாள். தன் குரல் கரகரத்திருந்ததைக் கேட்டு அவளுக்கே பயமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எப்படியும் பள்ளி வைத்துவிடுவார்கள் என்று மதிய உணவுப் பையை முந்தின மாலையே கட்டி வைத்தாள்.

இரவில் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்தது. விடியுமுன் வண்டியை எடுத்துப் பிரேக்கை அழுத்தினாள். முதல் கம்பம் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதையும் தாண்டி வண்டி சாவகாசமாக நின்றது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது.

"எத்தனை கம்பம், ஆர்லின்?"

"ரெண்டு."

"நெஜமாவா? தெற்கால ஸ்கூல் எல்லாத்தையும் மூடிட்டாங்களே."

"மணல் லாரி வந்துட்டுப் போச்சுன்னா சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள் மெரிடித். முப்பத்தொரு வருட நம்பிக்கை அது. அதை ஒரு பொய்க்குக் கொடுத்துவிட்டு ஆர்லின் வீட்டுக்குப் போய்க் காபி போட்டாள்.

ரேடியோவில் மாநிலம் முழுவதுக்குமான பள்ளிப் பட்டியல் வாசித்தார்கள். மூடல், மூடல், மூடல் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அவர்கள் வட்டாரத்தின் பெயருக்கு மட்டும் "இரண்டு மணி நேரத் தாமதம்" என்றான் வாசிப்பவன். தன் பொய்யை மாநிலமே உட்கார்ந்து கேட்டதாக அவளுக்குப் பட்டது. ரேடியோவை அணைத்தாள்.

வெளிச்சம் வந்தது, மணல் லாரி வரவில்லை. வீட்டு முற்றத்தில் எப்போதும் நிற்கும் தன் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். மேலே கண்ணாடியில் காலி இருக்கைகள் தெரிந்தன. எந்த இருக்கையில் எந்தப் பிள்ளை என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். போனை எடுத்தாள்.

"மெரிடித், மூணு. மூணைத் தாண்டிடுச்சு."

"இப்பவா, காலையிலயா?"

"காலையிலயே."

மெரிடித் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, மூடிடுறேன்" என்றாள் மெரிடித். "எல்லாருக்கும் செய்தி போயிடும். மேட்டடியில ப்ரூயிட் வீட்டுக்குத்தான் போகாது. நேத்திலிருந்து அங்க கரண்டும் இல்ல, போனும் இல்ல. பேட்டரி ரேடியோவுல முன்னாடி சொன்னதைக் கேட்டிருப்பாங்க."

"நான் போறேன்."

காலணிக்கடியில் ஆணிப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆர்லின் இறங்கினாள். அரை மைல்தான். கம்பத்துக்குக் கம்பம் பிடித்துக்கொண்டு இறங்க முக்கால் மணி நேரம் பிடித்தது. வளைவில் திரும்பியதும், கீழே பேருந்து நிற்கும் இடத்தில் ப்ரூயிட் வீட்டு ஏழு வயதுப் பெண் டெஸ் முதுகுப் பையோடு நிற்பது தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் ஆர்லினுக்கு மனம் நிறைந்துபோனது. ஒரு பிள்ளை முகம்! அதற்கப்புறம்தான் பக்கத்துப் பனிக் குவியலில் அதன் தாய் ஜோலீன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

"மிஸ் ஆர்லின், பஸ் எங்க?" என்று கத்தினாள் டெஸ். "அம்மா தடால்னு விழுந்துட்டாங்க!"

"ஸ்கூல் இல்லம்மா இன்னிக்கு." ஆர்லின் மண்டியிட்டுத் தன் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். அதற்குள் வீங்கியிருந்த ஜோலீனின் மணிக்கட்டில் அதைச் சுற்றிக் கட்டத் தொடங்கினாள்.

"நல்லவேளை நீங்க வந்தீங்க" என்றாள் ஜோலீன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நடந்தேவா வந்தீங்க? உங்களுக்குத்தான் எங்க மேல அக்கறை. இந்த ஐஸ்ல ஸ்கூல் வைக்கலாம்னு எந்த முட்டாள் சொன்னான்?"

மணல் லாரியைச் சொல்லலாம். வானிலைக்காரனைச் சொல்லலாம். ஜோலீன் நம்பியும் விடுவாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் ஆர்லின். "கூடாதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அஞ்சு நாளா யாரையும் பாக்கல, ஜோலீன். தாங்க முடியல."

ஜோலீன் பாதி கட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். ஆர்லின் நீட்டிய கையைப் பிடிக்காமல், குவியலில் முட்டியை ஊன்றித் தானே எழுந்தாள்.

"டெஸ், அங்க நிக்காத" என்றாள். "அம்மாவுக்கு இந்தப் பக்கம் வா."

டெஸ் ஒன்றும் புரியாமல் ஆர்லினை விட்டு அம்மாவின் மறுபக்கம் வந்தாள். இருவரும் பனியில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வீட்டுக்குப் போனார்கள்.