பட்டன் டீச்சரின் முதல் சனிக்கிழமை

அந்தப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் எங்கே என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. பட்டன் டீச்சர் என்று கேட்டால் வாசல் காவலாளியே கூட்டிக்கொண்டுபோய் விடுவார். எதிரே வருவது யாராக இருந்தாலும், சட்டைப் பட்டன் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் அவளுக்குப் பேச்சே வராது. பிள்ளைகளிடம் பட்டன் கையோடு வந்துவிட்டால் அவ்வளவுதான், ஊசியும் நூலும் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். "நாலு துளையிலயும் நூல் ஏறணும். ரெண்டுல போட்டுட்டு என்னை ஏமாத்தலாம்னு பார்க்காதீங்க." எட்டாம் வகுப்பு முரடர்கள்கூட அவள் முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு தைத்தார்கள்.

இவ்வளவு பேசுகிறவள் சொந்த மகளுக்கு ஒரு பட்டன் தைத்துக் கொடுக்கவில்லை. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நேரம் இருக்கு. என் ஸ்வெட்டருக்கு ஒரு பட்டன் தைக்க மட்டும் நேரம் இல்லையாம்மா?" என்று மகள் நச்சரிப்பாள். "ஏழாவது படிக்கிற கழுதைக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா? நீயே தைச்சுக்கோ" என்று இவள் தட்டிக்கழிப்பாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த பெண், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவில்லை.

நாத்தனார் வந்தாள். "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா மனசு ஆறாது அண்ணி" என்று சொல்லி மகளின் துணிகளையெல்லாம் கட்டி எடுத்துப் போனாள். கணவர் தலையாட்டினார். இவளும் ஆட்டினாள். ஆனால் அந்த நீல ஸ்வெட்டரை மட்டும் முன்கூட்டியே ஒரு தலையணை உறைக்குள் திணித்து, வாயைக் கட்டி, பீரோவின் அடித்தட்டில் ஒளித்துவிட்டிருந்தாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் பஸ் கண்டக்டர், காலையிலேயே கிளம்பிவிடுவார். அவர் தலை மறைந்ததும் முடிச்சை அவிழ்த்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தலை எண்ணெய், வேர்வை, பென்சில் சீவல் எல்லாம் கலந்து மகள் அப்படியே உள்ளே இருந்தாள். போகப்போக, வாசனை தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவிழ்ப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமைகள்தான் அவளைக் கொன்றன. அம்மாவும் மகளும் வீட்டில் சேர்ந்து இருந்த நாள் அது. அதனால்தான், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் சமூக சேவைத் திட்டம் தொடங்கப்போவதாகத் தலைமையாசிரியை சொன்னபோது, மற்ற ஆசிரியர்கள் எல்லாம் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருக்க இவள் கையைத் தூக்கினாள்.

திட்டம் முழுக்க அவளுடையதுதான். வீட்டுக்காரர்கள் பழைய துணியைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி கேட்டில் மாட்டிவிட வேண்டும். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போய் எடுத்து வந்து, துவைத்து, கிழிசலைத் தைத்து, குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும். "துவைக்காத துணியில ஊசி படக் கூடாது" என்பது அவள் போட்ட முதல் சட்டம். வீட்டில் சாப்பிடும்போதுகூட இதே பேச்சுதான். ஒரு நாள் பேச்சுவாக்கில் சிரித்துவிட்டாள். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார்.

தொடக்க நாளில் அவள் முதல் ஆளாகப் பள்ளிக்கு ஓடிவிட்டாள். விடுப்பு போட்டிருந்த கணவர், நம் வீட்டுத் துணியும் போகட்டுமே என்று பீரோவைத் திறந்தார். அடித்தட்டில், வாய் கட்டிய தலையணை உறை. பாவம், எடுத்து வைத்துவிட்டு அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தார். வாசலில் பச்சை கேட்டில் மாட்டிவிட்டு, பிள்ளைகள் வரும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பள்ளி முற்றத்தில் அண்டாக்களைச் சுற்றி ஒரே கும்மாளம். சோப்பு நுரையைத் தாடியாக ஒட்டிக்கொண்டு வந்த ஒருவனை அதட்டப் போய், அடக்க முடியாமல் சிரித்தாள். வெயில் நன்றாக அடித்தது. மதியத்துக்குள் துணிகள் காய்ந்துவிட்டன. தையல் அறைக்குள் ஒரு சிறுமி ஓடி வந்தாள். இந்த வருடம்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள். டீச்சரின் மகளைப் பார்த்தே இராதவள்.

"டீச்சர், இதுல ஒரு பட்டன் இல்ல. நானே தைச்சுட்டேன். நாலு துளையிலயும்!"

நீல ஸ்வெட்டர். அவள் அதை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. கழுத்துப் பட்டையில் மூக்கை வைத்தாள். அங்கேயும் சோப்புதான்.

"எந்த வீட்டுல எடுத்தே?"

"பச்சை கேட் வீடு டீச்சர். ஒரு அங்கிள் காத்துக்கிட்டே நின்னாரு. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. மூணு தடவை அலசினேன், அந்த உறையையும் துவைச்சுட்டேன்."

இது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தப் பிள்ளை இனி ஊசியைத் தொடுமா? சிறுமி போகாமல் நின்றாள். டீச்சர் இன்னும் இழுத்துப் பார்க்கவில்லையே. அவள் பட்டனைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"நல்லா தைச்சிருக்கேம்மா" என்றாள்.

சிறுமி ஸ்வெட்டரை வாங்கி, மடித்து, மற்றத் துணிகளோடு வைத்துவிட்டு விளையாட ஓடினாள். சாயங்காலம் குழந்தைகள் இல்லத்து வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டில் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இத்தனை வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று!

"மூட்டையை மறந்துட்டுப் போயிட்டே பாரு. நான்தான் மாட்டினேன். என்ன துணி அது?"

"பழைய துணிதான்."

"யாருக்காவது உதவும்ல?"

"உதவும்ங்க."

பழக்க தோஷத்தில் கை நீண்டு அவருடைய சட்டைப் பட்டனை இழுத்தது. நைந்த நூல் அறுந்து பட்டன் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

அவர் பதறிப்போனார். "ஒரு பட்டனுக்கா இப்படி அழுவே? தைச்சாப் போச்சு."

"இப்பவே தைக்கிறேன்" என்று ஊசியை எடுத்தாள். கண்ணீரில் ஊசியின் காது தெரியவில்லை. அவர்தான் வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தார்.