சூடான இரும்பும் ஆரத்தித் தண்ணீரும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. முக்கூடலில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஸ்பானர் பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. அச்சில் போடுகிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓமானில் கோடைக்காலத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைச் சுடும். மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெயிலில் கிடக்கும் தண்ணீர் அது. அதனால் வெந்நீர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் பிடிக்க அதன் குழாயைத்தான் திறப்போம். அறைக்குள் இருப்பதால் அதில் நிற்கிற தண்ணீர் ஆறியிருக்கும். வந்த புதிதில் இதைப் போனில் சொன்னபோது என் மனைவி பார்வதி நம்பவில்லை. "வெந்நிக் குழாயில பச்சத்தண்ணியா? அங்கன எல்லாமே தலகீழாத்தான் இருக்கும் போல" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இப்போது வெகுநாளாகிவிட்டது.

நான் வேலை செய்வது பிக்கப் வண்டிகள் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப். மேனிபோல்டு என்று ஒரு சாமான் உண்டு. எஞ்சினில் எரிந்த புகையை வாங்கி சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு. அதில் கீறல் விட்டால் வண்டி டப் டப் என்று அடிக்கும், புகை கேபினுக்குள் வரும். இங்கே அப்படி ஒரு வண்டி வந்தால் யாரும் யோசிப்பதில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புதியதை எடுத்து மாட்டுகிறோம். பழையதைக் குப்பையில் போடுகிறோம். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன லீவில் ஊருக்குப் போனபோது, இனி திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். பார்வதியின் தம்பி முருகேசனும் நானும் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். சேரன்மகாதேவியில் வாழைத்தார் ஏற்றித் திருநெல்வேலி சந்தையில் இறக்க வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தோம். வண்டி ஓடினால் நான் ஊரில் இருப்பேன். ஓடாவிட்டால் விசா முடிவதற்குள் விமானம் ஏற வேண்டும். வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

வாங்கிய வாரமே மேனிபோல்டு கீறல் விட்டு ஊதத் தொடங்கியது. அந்த மாடலுக்குப் புதிய சாமான் வருவது எப்போதோ நின்றுவிட்டது. நானும் முருகேசனும் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். திருநெல்வேலியில் ஒரு கடையில் ஒன்று கிடைத்தது. என் கைலியையும் கறை படிந்த விரல்களையும் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னவே, பாரின்ல இருந்து வந்து பழைய இரும்பு பொறுக்குதீரு? அத்தர் மணக்கும்னு பாத்தா கிரீஸ் வாடல்லா அடிக்கி."

எனக்கு உடனே பதில் பேச வராது. முருகேசன்தான் பேசினான். "அத்தர் நாளைக்குக் கொண்டாரோம் அண்ணாச்சி. இப்பம் இதக் கழட்டித் தாரும்."

"தாரேன். ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதான் கெடக்கு. ஒடச்சுப்புட்டு மறுபடி வந்து நிக்கப்படாது, பாத்துக்கிடும்."

வீட்டு முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினேன். துருப்பிடித்த போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறியும் அசையவில்லை. சூடு காட்டிப் பைய அசைத்து அசைத்துத்தான் கழற்றினேன். ஒன்று உள்ளேயே முறிந்தது. அதன் தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுத்தோம். வாங்கி வந்ததன் முகத்தை அரத்தால் சமமாக்கி, புதிய பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போல்ட்டுகளை முறுக்கினேன். எஞ்சினை ஓடவிட்டேன். டப் டப் இல்லை. இரும்பு நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு சுற்று முறுக்குவது என் வழக்கம். அதற்காக பானெட்டைத் திறந்தபடி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் பார்வதி தலைக்குக் குளித்துவிட்டு ஆரத்தித் தட்டோடும் செம்போடும் வந்தாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் எரிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரை மூன்று சுற்றுச் சுற்றினாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. தண்ணீரை வண்டிக்கு முன்னால் ஊற்றத்தான் குனிந்தாள்.

"எஞ்சினுக்கும் தெளி அக்கா" என்றான் முருகேசன். "அதுதான நமக்குச் சோறு போடப் போவுது."

அவள் செம்பைத் தூக்கினாள். வேண்டாம் என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். எதை வேண்டாம் என்கிறோமோ அது நமக்கு இல்லாமலே போய்விடும் என்பார்கள். ஓமானில் யாராவது சூடான எஞ்சின் பக்கம் வாளியோடு வந்தால் எனக்குத் தெரிந்த நாலு பாஷையிலும் கத்தியிருப்பேன். என் வீட்டு முற்றத்தில் எனக்கு ஒரு பாஷையும் வரவில்லை. செம்பிலிருந்த தண்ணீர் முழுவதும் மேனிபோல்டில் விழுந்தது. ஆவி எழும்பியது. அதற்குள்ளிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம்.

டப் டப் என்று வண்டி மறுபடி அடிக்கத் தொடங்கியது. நான் எஞ்சினை அணைத்தேன். அன்றைக்குச் சோறு போடும்போது பார்வதி கேட்டாள்: "தண்ணி பட்டதுனாலயாங்க?"

"இல்ல. பழைய இரும்புல்லா. எப்பம்னாலும் கீறல் விட்டுருக்கும்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சேரன்மகாதேவியில் ஒருவர் வெல்டு வைத்துக் கொடுத்தார். முதல் லோடிலேயே பாதி வழியில் அது பிளந்துகொண்டது. புகையில் முருகேசன் தலை சுற்றி, வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்தான். தார்கள் சந்தை கலைந்த பிறகு போய்ச் சேர்ந்தன. அடுத்த லோடை வியாபாரி வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார். நான் பெட்டி கட்டினேன்.

எங்கள் வண்டியின் எஞ்சினும் ஓமானில் ஓடும் சில பழைய வண்டிகளின் எஞ்சினும் ஒரே வார்ப்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். பொருத்திப் பார்க்க வேண்டுமே என்று உடைந்த மேனிபோல்டை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஓமான் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "பிசினஸ்?" என்று கேட்டார் ஒரு அதிகாரி. வாழைத்தாரை நினைத்து, "எஸ், பிசினஸ்" என்றேன். விற்கக் கொண்டுவந்தேன் என்று எண்ணி என்னை ஓரமாக நிறுத்திவைத்தார். பிறகு நரைத்த தாடிக்காரர் ஒருவர் வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். கீறலில் விரலை ஓட்டினார். சிரித்துக்கொண்டே "கலாஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இங்கே எது முடிந்தாலும் அந்தச் சொல்தான். வேலை முடிந்தாலும் கலாஸ், ஆள் செத்தாலும் கலாஸ்.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு விடுமுறை. ஒவ்வொரு வெள்ளியும் மணலில் குவிந்து கிடக்கும் உடைந்த வண்டிகளுக்குள் புகுந்து தேடினேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. எங்களுடையதை மேலே வைத்துப் பார்த்தேன். துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது. கீறல் இல்லை. அறைக்கு வந்ததும் பார்வதியைக் கூப்பிட்டேன். நான் சொல்வதற்குள் அவள் சொன்னாள்.

"வண்டிய எடைக்குப் போட்டாச்சுங்க. முத்தத்துல சும்மா நிக்கி, போறவ வாறவ எல்லாம் கேக்காவ. முருகேசனுக்குத் தாங்க முடியல."

"எஞ்சினுமா?"

"எல்லாந்தான்." பிறகு அவளே கேட்டாள்: "சாப்ட்டியளா?"

சாப்பிட்டேன் என்றேன். புதிதாகக் கிடைத்த மேனிபோல்டு என் மடியில் இருந்தது. அதைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது இரண்டும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்று ஊரில் உடைந்தது, ஒன்று இங்கே கிடைத்த முழுசு. இரண்டையும் மாட்ட வண்டி இல்லை. அறையில் கூட இருக்கும் வங்காளி பெருக்கும்போது காலை இடித்துக்கொள்கிறான். ஒன்றையாவது வெளியே போடு, எதை என்று நீயே சொல், நான் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்கிறான். வாரியலோடு நின்று என் முகத்தைப் பார்க்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எழுதி முடித்தது ஆவணி பதினாறு, வெள்ளிக்கிழமை.