தூள் விழாத இடம்

தருமராசாவின் மகள் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் ஏழு ரீசேட் சட்டைகள்.

மூன்று வயதில் கிளிநொச்சியில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. இப்போது பிரியந்தினிக்குப் பதினாறு. போனில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கும் பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். சாப்பிட்டீங்களா அப்பா, ஓம் அம்மா, படிக்கிறியோ, ஓம். அதோடு போன் கை மாறிவிடும். பிள்ளைக்குப் பாசமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடல் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு வாய் அள்ளிக் குடிக்க முடியாதது போல, இவ்வளவு பெரிய பாசத்தை வைத்துக்கொண்டு இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"அப்பா, எங்கட வலைப்பந்து ரீமுக்கு ரீசேட் அடிச்சுத் தரேலுமோ? நீங்கள் அந்த வேலைதானே செய்யிறனீங்கள்?"

"ஏலும்" என்று அவர் சொன்னபோது அவள் கேள்வியை இன்னும் முடிக்கவில்லை.

சிட்னியில் கிரவீனுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட தொழிற்கூடங்கள் வரிசையாக இருக்கும் தெருவொன்றில் கௌரிசங்கரின் அச்சுக்கடை இருக்கிறது. கௌரிசங்கர் திருப்பூர்க்காரர். ரீசேட்டோ ஜேர்சியோ எதுவானாலும் அவருக்கு அது பனியன்தான். தருமராசா அவரைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் முதலாளி தொழிலாளியை அண்ணா என்பார், தொழிலாளி முதலாளியைத் தம்பி என்பார். புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் குழம்பிப்போவார்கள்.

தருமராசாவின் விசா தற்காலிகம். வேலை செய்யலாம், வரி கட்டலாம், வருத்தம் வந்தால் டொக்டரிடம் போகலாம். விமானம் ஏறினால் மட்டும் திரும்பி வர முடியாது. வீட்டைப் பார்க்கப் போனால் வீட்டுக்கு உழைக்க முடியாது. இதை யோசித்துச் சட்டம் எழுதியவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மகள் எல்லோருடைய அளவையும் எழுதி அனுப்பியிருந்தாள். அவளுடையது 'எம்'. கடை அலுமாரியிலிருந்து அந்த அளவு ரீசேட் ஒன்றை எடுத்து, தோளில் பிடித்துத் தன் முன்னால் தொங்கவிட்டுப் பார்த்தார் தருமராசா. இவ்வளவு அகலமா அவள் தோள்? இந்தக் கை இவ்வளவு நீளமா? அளவு பார்க்க வேண்டிய தகப்பன் ஆள் இல்லாத சட்டையைப் பார்த்து மகளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபடி அதைத் திரும்ப மடித்து வைத்தார்.

தருமராசாவின் ஊர்க்காரர் விக்னராஜா ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் பறக்கிறார். சிட்னியில் ஊருக்குப் போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அவனுடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடையதாகிவிடும். மருந்து, சொக்லேட், மூக்குக் கண்ணாடி, எல்லாம் வந்து சேரும். தருமராசாவுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார். "சனிக்கிழமை பொழுதுபடமுன்னம் வாறன், ரெடியா வைச்சிரும். பிறகு பெட்டி பூட்டினாப் பூட்டினதுதான்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விக்னராஜா அடுத்து எப்போது போவார் என்பது அவருக்கே தெரியாது. பிள்ளைகளின் போட்டியோ அடுத்த வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை வந்தது. இயந்திரம் காலை வாரியது.

இந்த இயந்திரத்தின் சூட்சுமம் பெரிதொன்றுமில்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளில் படத்தை அடிக்கும். மை ஈரமாக இருக்கும்போதே மேலேயுள்ள பெட்டியிலிருந்து வெள்ளைப் பசைத்தூள் சீராக அதன்மேல் விழும். மையில் பட்ட தூள் ஒட்டும், மிச்சம் உதறுப்பட்டுக் கீழே போகும், ஒட்டியது சூட்டில் உருகும். பிறகு தாளைத் துணிமேல் வைத்து அழுத்தினால் படம் துணிக்கு வந்துவிடும். தூள் விழாத இடத்தில் மை எவ்வளவு வடிவாக இருந்தாலும் துணியில் நிற்காது, உரிந்து வந்துவிடும்.

அன்றைக்குத் தூள் சரியாக விழவில்லை. ஒரு நடனப் பள்ளிக்காரரின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. தாள் வெளியே வரவர அதன் நடுவில் இரண்டு விரல் அகலத்தில் தூளே இல்லாத கோடொன்று நீளமாக ஓடியது.

"ஈரம் தம்பி. ஒரு கிழமையா மழையெல்லோ, தூள் கட்டிபட்டிட்டுது" என்றார் தருமராசா. தூள் விழும் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் தூள் கொட்டியது, கோடு அப்படியே இருந்தது. பெட்டியின் பக்கத்தில் தட்டிப் பார்த்தார். உதறும் வேகத்தைக் குறைத்தார். கோடு அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாடிக்கையாளர் வேலை முடிந்த பிறகுதான் அவருடைய வேலை, அதுதான் பேச்சு.

கௌரிசங்கர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"ஈரமில்லீங்கண்ணா. ஈரத்தூளா இருந்தா இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு எடம் மாத்தி மாத்தி விட்டுப்போகும். இது ஒரே எடத்துல விட்டுப்போகுதுங்க. பெட்டிக்கு அடியில ஏதோ சிக்கியிருக்குது."

சிக்கியிருக்கிறது என்ற சொல் காதில் விழுந்ததும் தருமராசா பெட்டியின் மூடியை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

மழை தொடங்கிய அன்று அவர் செய்த காரியம் அது. தூள் ஈரமாகிவிடக் கூடாதே என்று, ஒரு துணித்துண்டில் ஒரு பிடி அரிசியை முடிந்து பெட்டி மூடியின் உட்பக்கம் தொங்கவிட்டிருந்தார். ஊரில் மாரி காலத்தில் உப்பு கசியாமலிருக்க மனைவி யோகா அப்படித்தான் உப்புப் போத்தலுக்குள் அரிசி போடுவாள். உப்புக்குச் சரியென்றால் தூளுக்கும் சரிதானே? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். தம்பியின் கடைக்கு ஒரு நன்மை செய்ததாக மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

தூளையெல்லாம் அள்ளி வெளியே எடுத்து, அடியிலுள்ள உருளையைக் கழற்றினார்கள். பெட்டிக்குள் தூளைக் கிளறும் தகடு துணி முடிச்சைக் கிழித்திருந்தது. தூள் இறங்கும் ஒடுங்கிய வாயில், உருளைக்கும் தகட்டுக்கும் நடுவில், ஆறேழு அரிசி வரிசையாக நெரிபட்டுக் கிடந்தது.

கௌரிசங்கர் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தருமராசாவின் முகத்தைப் பார்த்தார். வேறொருவராயிருந்தால் கத்தியிருப்பார்.

"ஏனுங்கண்ணா, பனியன் கடையில பொங்கல் வெக்கப் பாத்தீங்களா?"

"என்ர பிழைதான் தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பு கெடக்குது, விடுங்க. ஏசி ரூம்ல பிரிக்காத தூள் பை ஒண்ணு இருக்குது, எடுத்துட்டு வாங்க. பாழாப்போனத திருப்பி ஓட்டோணும். உங்க பாப்பாவோட பனியனும் இன்னிக்கே போகோணுமில்ல?"

உருளையைத் துடைத்து மாட்டினார்கள். புதுத் தூளை மா அரிக்கும் அரிதட்டில் அரித்துப் போட்டார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. தாள் நடுவில் கோடு இல்லை, தூள் பனி போலச் சீராக விழுந்தது. நடனப் பள்ளி வேலை முடியும்வரை தருமராசாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று மனைவிக்கு அழைத்தார்.

கதையைக் கேட்டு யோகா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"உப்புக்கு அரிசியோ? நாங்கள் இப்ப பைக்கற் உப்பெல்லோ வாங்கிறம். அது கசியாது. அரிசி போட்டதெல்லாம் அந்தப் பழைய வீட்டில."

"இப்ப போடுறேல்லையோ?"

"அது எப்பவோ விட்டாச்சு. அந்தக் குசினியையும் இடிச்சுப்போட்டுத்தானே புது வீடு கட்டினது. உங்களுக்கு இன்னும் அது ஞாபகமோ?"

"வேற எந்தக் குசினியடி எனக்குத் தெரியும்?"

யோகாவின் சிரிப்பு நின்றது.

புது வீடு அவருடைய உழைப்பில் கட்டியதுதான். படம் படமாக அனுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் கண்ணை மூடினால் அவர் போய் நிற்பது அந்தப் பழைய சமையலறையின் கதவடியில். மேல்தட்டில் உப்புப் போத்தல், கீழே கதிரையில் ஏறி அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் பிள்ளை. அந்த வீடு இல்லை, அந்தப் பிள்ளையும் அந்த உருவத்தில் இல்லை. எல்லோரும் அங்கிருந்து போய்விட்டார்கள், தான் மட்டும் இன்னும் அங்கே நின்று காத்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவ்வளவு தவிப்பையும் வைத்துக்கொண்டு, "சரி, வைக்கிறன்" என்றார்.

பின்னேரம் அவருடைய முறை வந்தது. ஏழு படமும் ஒரு குறையில்லாமல் வந்தன. மஞ்சளும் சிவப்பும் கலந்து அணியின் பெயர், கீழே பந்து. சந்தோசம் தாங்காமல் வீடியோவில் மகளை அழைத்து, தாளைக் கமெராவுக்கு முன்னால் பிடித்தார்.

"ஐயோ அப்பா, சூப்பர்!" என்று கத்தினாள். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "கீழ சின்னனா என்ன கிடக்கு?"

மகள் கேட்காமலே அவர் சேர்த்த வரி அது. வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் எதிலும் அந்த வரி இருக்கும். தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கும், மணியிலும் இருக்கும், சுவர் மணிக்கூட்டிலும் இருக்கும். இந்தக் கடையிலேயே எத்தனையோ பேருக்கு அவர் அதை அடித்துக் கொடுத்திருக்கிறார். கை பழகிய பழக்கத்தில் தனக்கும் அடித்துவிட்டார்.

பிரியந்தினி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அன்பளிப்பு. தருமராசா குடும்பம், சிட்னி, அவுஸ்திரேலியா."

வாசித்துவிட்டு முகத்தைத் திரையிலிருந்து பின்னால் எடுத்தாள்.

"ஏனம்மா? வடிவில்லையோ?"

"எங்கட குடும்பம் சிட்னியிலயோ அப்பா இருக்கு?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தார்.

"அன்பளிப்பெண்டு வெளியாக்கள்தான் போடுறவை. அவை வந்தா மேடையில ஏத்தி மாலை போடுவினம். நீங்கள் ஏன் அப்பிடிப் போடுறீங்கள்?"

"அப்ப என்ன போட அம்மா? சொல்லு, திருப்பி அடிக்கிறன்."

"ஒண்டும் போடாதேங்கோ. ஆர் தந்தது எண்டு பிள்ளையள் கேட்பினம். எங்கட அப்பா தந்தவர் எண்டு சொல்லுவன். எல்லாரும் எப்பவும் சொல்லுறவை, அப்பா வாங்கித் தந்தவர், அப்பா கொண்டுவந்து விட்டவர் எண்டு. எனக்கும் ஒருக்காச் சொல்ல வேணும்."

போனைப் பசைத்தூள் பையில் சாய்த்து வைத்துவிட்டுத் தருமராசா கத்தரிக்கோலை எடுத்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்தார். கண் கலங்கி எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் இடையில் நிறுத்தி, தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. "மெல்ல வெட்டுங்கோ, படத்தில பட்டிடும்" என்று மகள் அங்கிருந்து மேற்பார்வை செய்தாள். கௌரிசங்கர் அழுத்தும் இயந்திரத்தைச் சூடாக்கி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அப்பால் போய்விட்டார்.

விக்னராஜா வந்தபோது ஏழும் மடித்துத் தயாராக இருந்தன. ஒன்றை விரித்துப் பார்த்தார்.

"பேர் ஒண்டும் போடேல்லையோ காணும்? ஆர் குடுத்ததெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

"அவள் சொல்லுவாள் அண்ணை" என்றார் தருமராசா.

விக்னராஜாவின் கார் தெருமுனையில் திரும்பும்வரை மழைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை அந்த ரீசேட் அவள் கையில் இருக்கும். அந்தக் கையை அவர் கடைசியாகப் பிடித்தபோது, அவருடைய ஒரு விரலைப் பிடிக்கத்தான் அதற்கு அளவிருந்தது.