பத்தாவது எழுதப் போன பி.ஏ.

தேர்வு முடிவு வரும் ஒவ்வொரு காலையிலும், பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் வாயைத் திறப்பதற்குள் அபிதகுசாம்பாளே வாசலுக்கு வந்து அறிவித்துவிடுவார்: "என் நம்பர அச்சடிக்க இந்தத் தபாவும் பேப்பர்ல எடம் இல்லியாம், அக்கா!" பிறர் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுவது அவர் வழக்கம்.

ஆரணியில் பட்டு நெய்கிற வேணுகோபாலின் மனைவி. கணவரின் தறிக்கு ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவார். மடியில் புத்தகம் திறந்தே கிடக்கும். பத்தாம் வகுப்பில் மற்றப் பாடமெல்லாம் தேறியாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் மார்ச், செப்டம்பர் என்று எழுதிப் பார்த்தார்; கணக்கு மட்டும் மசியவில்லை. "அதுக்கு எம்மேல பிரியம். வுட்டுப் போவ மாட்டேங்குது" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சேதி வந்தது. இருபத்தொரு வயது நிரம்பியவர்கள், பள்ளிச் சான்று இல்லாவிட்டாலும் ஒரு நுழைவுத் தேர்வு எழுதித் தபாலிலேயே பி.ஏ. படிக்கலாமாம்.

"பத்தாவதே தாண்டல, பி.ஏ.வா?" என்றார் வேணுகோபால்.

"முன்வாசல்ல வுடலன்னா தோட்டத்துப் பக்கமா பூந்துட வேண்டியதுதான். உள்ள போய்ட்டா ஒரே வூடுதான?"

புகுந்தார். சரித்திரத்தில் பட்டமும் வாங்கினார். வேணுகோபால் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார்.

அந்தத் தைரியத்தில் எழுத்தர் வேலை ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போனார். அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பட்டம் இருக்குதும்மா. பத்தாவது எங்க?"

பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார். சோறு போட்டு வைத்துக்கொண்டு வேணுகோபால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அபிதகுசாம்பாள் எழுந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"மாடி கட்டிட்டேன். கீழ வூடு இல்லன்றாங்க. இன்னா பண்றது, மறுபடியும் அஸ்திவாரம் தோண்ட வேண்டியதுதான்."

அடுத்த மார்ச்சில் கணக்கு தேறியது; பிறகு வேறோர் இடத்தில் எழுத்தர் வேலையும் கிடைத்தது. ஆனால் அவர் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்வது அதையல்ல, தேர்வு எழுதப் போன காலையைத்தான்.

கஞ்சி போட்ட சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக அவர் அறைக்குள் நுழைந்ததும், பிள்ளைகள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். "வணக்கம், டீச்சர்!"

ஒரு கணம் திகைத்தார். பிறகு, உட்காருங்கள் என்று கையமர்த்தினார். எல்லாரும் உட்கார்ந்த பின், கடைசி வரிசைக்குப் போய், சேலையை இடுக்கிக்கொண்டு அந்தச் சின்னப் பெஞ்சுக்குள் தானும் நுழைந்து உட்கார்ந்தார்.