எழுபதின் வால்

எந்த எண்ணையும் கணினியில் வரைவதற்கு முன் அக்கா அதை மூடி கழற்றாத பேனாவால் இடது உள்ளங்கையில் ஒருமுறை எழுதிப் பார்ப்பார். எழுதியதும் எதையோ பிடித்துவிட்டதுபோல் விரல்களை மடக்கிக்கொள்வார். அடுத்த மேசையிலிருந்து இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

கல்வெட்டுகளிலுள்ள பழைய இந்திய எண்களுக்குக் கணினியில் இடம் வாங்கித் தருவது எங்கள் அலுவலக வேலை. சுழியம் புழங்காத காலத்து எண்கள். பத்துக்கு ஒரு குறி, இருபதுக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவான குறியெண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்துவிட்டால், தப்பென்று பிறகு தெரிந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

எழுபதுக்கு யாரும் பார்த்திராத, வால் வைத்த இரண்டாவது குறி ஒன்றை அக்கா கண்டுபிடித்திருந்தார். கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றியெடுத்த படியின் புகைப்படத்தில் அது இருந்தது. கண்டுபிடித்தவர் என்று விண்ணப்பத்தில் அவர் பெயர். அலுவலகமே அவரை ‘எழுபதக்கா’ என்றது.

“அறுபதுக்கே இன்னும் வருசம் இருக்குப்பா” என்பார், முகமெல்லாம் பல்லாக.

அனுப்பவேண்டிய நாளன்று கடைசியாக ஒருமுறை, வழக்கத்தைவிட மெதுவாக, உள்ளங்கையில் எழுதியவர் வாலில் பாதியில் நின்றார்.

“தம்பி, இந்த வாலப் போட்டுப் பாரு. எனக்குக் கை வரமாட்டேங்குது.”

எனக்கும் வரவில்லை. அந்தப் பக்கம் எந்தக் கையும் அப்படித் திரும்பாது.

படிகள் இருக்கும் காப்பறைக்கு ஓடி, மை ஒற்றிய மூலத் தாளையே விரித்தார். வால், எண்ணோடு நிற்காமல் தாளின் ஓரம்வரை போயிற்று. மடிப்பு! அதில் மை தேங்கியிருந்தது. புகைப்படத்தில் எண்ணைச் சுற்றி வெட்டியிருந்ததால் மிச்சம் தெரியவில்லை. வாலை எடுத்தால் அது பழைய எழுபதேதான்.

“யாருக்குக்கா தெரியப்போகுது? அனுப்பிடலாம்” என்றார் எங்கள் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுபவர்.

“ஏன்டா, காகிதம் மடங்கினதையெல்லாம் உலகம் எண்ணுன்னு நம்பணுமா?”

அக்கா சிரித்தார்தான். ஆனால் திரையிலிருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரி முழுவதையும் தானே அழித்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

“பேரு போச்சேம்மா!” என்றார் இயக்குநர்.

“போனாப் போகுது சார். எழுபது பொழச்சுது.”

ஒரு குறி குறைவாக, விண்ணப்பம் ஐந்து மணிக்குப் போயிற்று.

அடுத்த மாதம் ஒரு கோப்பு கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவின் கணவர் பெயர்ப்பலகை எழுதுபவர். கண்டுபிடிப்புச் சேதி வந்த அன்றே, எழுபதாம் எண்ணுள்ள தங்கள் வீட்டுக் கதவில் அந்தக் குறியை வாலோடு ஒரு முழ உயரத்துக்கு எழுதிவிட்டாராம். வால் வெறும் மடிப்பென்று தெரிந்த பிறகும் அதை அழிக்க அக்கா விடவில்லை. தபால்காரர் அதைப் பார்த்தே கடிதம் போட்டுவிட்டுப் போகிறார்.