காயத்ரி ‘அக்செப்ட்’ அழுத்திவிட்டாள்

டெங்கில் தோட்டத்தில் மலைப்பாம்பைக் கையாலேயே பிடித்தவன் நான். இன்று கிள்ளான் மளிகைக் கடையில் ஒரு சின்னப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு காயத்ரி தன் அம்மாவோடு வந்திருந்தாள்.

“அங்கிள், கெடா யூனிவர்சிட்டிய அக்செப்ட் பண்ணிட்டேன்! பூச்சோங் பக்கத்துல கெடச்சத ரிஜெக்ட் பண்ணியாச்சு. எல்லாம் நீங்க சொன்னதுனாலதான்.”

போன வெள்ளிக்கிழமை கோயில் சாப்பாட்டு வரிசையில், இருபது பேர் கேட்க, இரண்டையும் ஒப்பிட்டு விளக்கியிருந்தேன். பூச்சோங் பக்கம் இருப்பது பூப்பந்து மைதானம் அளவுதான். கெடாவிலோ ஏரி, நீச்சல் குளம், மாதத்துக்கு ஒரு புதுக் கட்டடம்.

காயத்ரியின் அம்மா கேட்டார்: “அண்ணே, படிப்பு முடியிறதுக்குள்ள ஃபேக்டரிக்காரங்க வாசலுக்கே வந்து ஆள் எடுப்பாங்கன்னு சொன்னீங்களே, எந்த ஃபேக்டரி?”

“பெரிய ஃபேக்டரி லா, தங்கச்சி.”

“பேரு?”

“பேரும் பெருசு.”

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததே இல்லை. லங்காவிக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் அதன் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அதுவும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து.

ரிஜெக்ட் செய்த இடம் திரும்பக் கிடைக்காதாம். படித்து முடித்து, வேலை இல்லாமல் அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்தால், தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கப்போவது நான்தான்.

கெடாவில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள், அங்கே வேலை கிடைக்கிறதா என்று சொல்லுங்கள். நல்ல செய்தி என்றால் கீழே கமெண்ட்டிலேயே எழுதலாம். கெட்ட செய்தி என்றால் இன்பாக்ஸில், கொஞ்சம் மெதுவாக.