விசில் ஊதாத வண்டி

எனக்குப் பயம் கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் டப்ளினிலேயே ஆரம்பித்துவிட்டது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், காலையில் பாங்காக்கில் இறங்கி இரவு அடுத்த விமானம் ஏறுவதுபோல் என் மனைவி டிக்கெட் போட்டிருந்தாள். அதுதான் மலிவாகக் கிடைத்தது. நடுவில் கிடக்கும் பகலை ஏர்போர்ட் நாற்காலியில் தூங்கிக் கழிக்காமல், பட்டாயா போய்க் கடல் பார்த்துவிட்டு வரலாம் என்றது மகளின் யோசனை. ஏர்போர்ட் வாசலிலிருந்தே பஸ் இருக்கிறதாம். பெரிய பைகள் நேராக சான் பிரான்சிஸ்கோ போய்விடும். கையை வீசிக்கொண்டு போய் வரலாம் என்றாள்.

நான் தோசை போடும் உணவகத்தில் காய் நறுக்கும் அங்கிள் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பட்டாயாவுக்கு ஃபேமிலியோட போற மொத ஆள் நீதான்யா. கிரீன் கார்டு பத்திரம். தொலைச்சேன்னு வை, அங்கயே தோசைக்கல்ல போட்டு உக்காந்துக்க வேண்டியதுதான்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மனைவி என் மாமன் மகள், நர்ஸுக்குப் படித்தவள். அவள் வேலைதான் எங்களை அமெரிக்கா கொண்டுவந்தது. இத்தனை வருடம் ஆகியும் நான் ஃப்ரீவேயில் கார் ஓட்டுவதில்லை. கடையில் யாராவது ஒரு வார்த்தை கேட்டால் சிரித்துவிட்டு அவளைப் பார்ப்பேன். ஆகவே பட்டாயாவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டுகள், கார்டுகள், டிக்கெட் எல்லாவற்றையும் அவள் பைக்குள் வைக்கச் சொன்னேன். பைக்குள் என் போனையும் போட்டேன். கையில் வைத்திருந்தால் யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று அங்கிள் சொல்லியிருந்தார்.

காலை நன்றாகத்தான் போயிற்று. ஊரில் என் சித்தி கட்டிக்கொடுத்த புளிசாதத்தைக் கடற்கரை மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டிக்கெட் கேட்ட இடங்களையெல்லாம் வெளியே நின்று பார்த்தோம். மரத்தாலான பெரிய கோயில் ஒன்றின் கோபுரத்தை வேலிக்கு இந்தப்பக்கம் நின்றே மகள் போட்டோ எடுத்துக்கொண்டாள். "அப்பா, ஸ்மைல்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே, டோன்ட் ஸ்மைல்" என்றாள்.

அங்கே ஊருக்குள் போக நீல நிற வண்டிகள் ஓடுகின்றன. பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே கூரை, ஏற ஒரு படி. இறங்க வேண்டுமென்றால் கூரையில் இருக்கும் மணியை அழுத்த வேண்டும். இறங்கியபின் முன்னால் போய் டிரைவரிடம் காசு கொடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல், குன்றின் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கப் போவதற்காகக் கடலோரச் சாலையில் அப்படி ஒரு வண்டியை நிறுத்தினோம். மனைவியும் மகளும் உள்ளே போய் டிரைவர் முதுகுப்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே இடம், நீச்சல் உடையின் மேல் துண்டு கட்டியிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களுக்கு நடுவில். நான் உட்காரவில்லை. படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, உள்ள வாங்க. இடம் இருக்குதில்ல" என்றாள் மனைவி.

"பரவால்ல அம்மிணி. காத்து நல்லா வருது."

அவள் மகளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர் ஏறி நடுவில் நின்றதில், மனைவியும் மகளும் என் கண்ணுக்கு மறைந்துபோனார்கள்.

தாராபுரம் பஸ்ஸில் படியில் நின்றே வளர்ந்தவன் நான். படியில் நிற்பவனுக்கு ஒரு வேலை உண்டு. நிறுத்தம் வந்தால் அவன்தான் முதலில் கீழே இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கியபின் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கால் தானாகச் செய்யும்.

மணி அடித்தது. வண்டி நின்றது. நான் இறங்கி நடைபாதையில் ஒதுங்கி நின்றேன். குடும்பமாக நாலைந்து பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் முன்னால் போய்க் காசு கொடுத்தார். அவர்களுடைய குழந்தையின் ரப்பர் மிதவை ஒன்று படியில் மாட்டிக்கொள்ள, அதை எடுத்துக் கொடுத்தேன். நிமிர்ந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. கொஞ்ச தூரம் ஓடினேன். அதே மாதிரி நீல வண்டிகள் முன்னாலும் பின்னாலும் போயின. எது எங்கள் வண்டி என்றே தெரியவில்லை.

சட்டைப்பையில் சில்லறையும் கைக்குட்டையும் இருந்தன. நான் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தேடிப் போவதா, நின்ற இடத்தில் நிற்பதா? போனால் இந்த இடமும் தொலைந்துபோகும் என்று நின்றேன்.

பின்னால் ஒரு மசாஜ் கடை. வாசலில் ஒரே நிறச் சட்டையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "ஹலோ பப்பா! மசாஜ்?" என்றாள் ஒருத்தி. நான் தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் மெதுவாகக் கடந்து போனார். பாஸ்போர்ட் கேட்டால் என்ன சொல்வது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேரம் போகப் போக வேறு பயம் வந்தது. மறுநாளைக்கு அடுத்த நாள் மனைவி வேலையில் சேர வேண்டும். வார்டு மாறிப் புதிதாகப் போகிறாள். லீவு ஒருநாள்கூட மிச்சமில்லை. மகளுக்கு அந்தச் சனிக்கிழமை காலேஜ் பரீட்சை. பாங்காக் பஸ் போகும் நேரம் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? கணக்குப் பார்த்தால் அவர்கள் போக வேண்டியதுதான் சரி. ஒரு ஆளுக்காக இரண்டு பேர் கெடுவதா? நானே அவள் இடத்தில் இருந்து யோசித்து, நானே என்னை விட்டுவிட்டுப் போனேன். பாங்காக்கில் ஏதாவது ஆபீஸ் வாசலில், பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

மசாஜ் கடைக்காரி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். என் வயது இருக்கும். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உள்ளே கூப்பிடுவாள் என்று பயம். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இந்தியா?" என்றாள்.

"அமெரிக்கா" என்றேன்.

அவள் தோழிகளிடம் திரும்பி அதைச் சொல்ல, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே சிரிப்பு நின்றது. அவள் தன் போனை என் கையில் வைத்தாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மனைவியின் அமெரிக்க நம்பர் ஒன்றுதான். அடித்தேன். ஏதோ ஒரு குரல் இங்கிலீஷில் பேசிவிட்டு வைத்துவிட்டது. அந்த போனை அவள் விமானத்திலேயே அணைத்து வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரில் வாங்கிய சிம் கார்டு போட்டிருந்தது மகளின் போனில். அந்த நம்பர் எனக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒன்றைக் கவனித்தேன். கண்ணாடியில் மஞ்சள் பூமாலை தொங்கிய ஒரு வண்டி முன்பே ஒருமுறை போனது, மறுபடி அதே பக்கத்திலிருந்து வந்தது. அப்படியானால் இவை சுற்றிச் சுற்றி வருகின்றன. வந்த ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தேன். சிலர் முறைத்தார்கள். வெயில் சாய்ந்து கடல் பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது.

கடைசியில் வந்த ஒரு வண்டியில் டிரைவர் பக்கத்து இருக்கையில் என் மகள் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கடல்பக்க மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றது எதிர்ப்பக்கம். ரோட்டில் இறங்கி வண்டிக்கு நேராகப் போய் நின்றுவிட்டேன்.

பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் திட்டினார். மனைவி பின்னாலிருந்து குதித்து ஓடிவந்து என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"எங்க போனீங்க? எதுக்கு எறங்குனீங்க?"

"எறங்கறவங்களுக்கு வழி விட்டேன் அம்மிணி. ஏறறதுக்குள்ள எடுத்துட்டான்."

"வழி விட்டாராம்! இவரு வழி விடலைன்னா பட்டாயாவுல யாரும் எறங்க மாட்டாங்களா?"

"அப்பா, யூ ஆர் அன்பிலீவபிள்" என்றாள் மகள். அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

மசாஜ் கடைப் பெண்கள் கைதட்டினார்கள். மனைவி அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஸ்டூலைக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலைக் காட்டினேன். அவள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குன்றுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் கெடைக்கலைன்னா ப்ளேனுக்குப் போயிருப்பீங்களா?"

மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "இவளை மட்டும் அனுப்பிட்டு நான் இங்கயே இருந்துக்கறேன்னு சொன்னேன். இவ கேக்கல."

"ஐ வாஸ்ன்ட் கோயிங் எனிவேர்" என்றாள் மகள், போனிலிருந்து தலை நிமிராமல். "அம்மா வாஸ் பீயிங் டிரமாட்டிக்."

"பரீட்சை?" என்றேன்.

"அப்பா. கம் ஆன்."

பஸ் வந்து கதவு திறந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவு நேரம் ரோட்டில் அசையாமல் நின்ற கால்கள் அப்போதுதான் நடுங்கத் தொடங்கின. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் என்னை ஏற்றினார்கள்.